சங்குப் பால்

வள்ளித்தாயைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் மேலகரத்து ஆட்கள் சொரிமுத்துவைப் பார்த்தால் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "என்னடே, உன் பெண்டாட்டி இன்னைக்கு என்ன கேட்டா?" சமைக்கத் தெரியுமா, குணம் எப்படி என்று ஒரு மனுசன் விசாரிக்கவில்லை. அவள் பேர் அப்படிப் பரவிவிட்டது. சுரண்டையிலிருந்து புகுந்த வீட்டுக்கு வண்டியில் வருகிறபோதே, கழுத்துத் தாலிக் கயிற்றின் மஞ்சள் காயுமுன்னே, "அத்தான், பனையெல்லாம் பின்னால ஓடுது. நிலா மட்டும் ஏன் நம்ம கூடவே வருது?" என்று கேட்டவள் அவள். வண்டியோட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சொரிமுத்து வெட்கத்தோடு, "சும்மா இருட்டி" என்றான்.

சும்மா இருக்கிற ஜாதியா அது? வெண்கலச் செம்பும் மர அகப்பையும் ராத்திரி பூரா ஒரே அடுக்களையில்தான் கிடக்கின்றன, விடியக்காலம் தொட்டால் செம்பு மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது? உலை கொதித்தால் மூடியைத் தூக்குகிறதே, வெறும் ஆவிக்கு அம்புட்டுப் பலம் எங்கிருந்து வந்தது? ஐந்தருவிச் சாரலில் வானவில் தெரிகிறது, நான் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது, அப்படியானால் நீ பார்க்கிற வில்லும் நான் பார்க்கிற வில்லும் வேறு வேறா? கேட்டால் என்ன, ஊர் இடிந்தா விழுந்துவிடும்? ஆனால் பதில் தெரியாதவனுக்குக் கேள்வி என்றாலே எரிச்சல். கேட்கிறவள் பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் எரிச்சல் பட்டது வடிவம்மாள். சொரிமுத்துவுக்கு அக்காள். தாயில்லாத தம்பியைத் தன் இடுப்பில் வைத்து வளர்த்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு துணி மூட்டையோடு தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் சோறு வடித்தால் வள்ளித்தாய்க்கு ஒரு கரண்டி கூடுதலாகத்தான் விழும். ஆனால் வாய் இருக்கிறதே, அது வேறு. "ஏட்டி, அடுப்புல ரசம் பொங்குது, நீ அது ஏன் பொங்குதுன்னு நின்னு பாத்துக்கிட்டிருக்கியே, செத்த மூதி! இறக்கி வையி!" என்பாள். வள்ளித்தாய் இறக்கி வைத்துவிட்டு, "அதுக்கில்ல மதினி, தண்ணி இப்பிடிப் பொங்கலியே" என்பாள்.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் வயிறு திறக்கவில்லை. பண்பொழி மலைக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடந்து கால் தேய்ந்தது. கடைசியில் ஐம்பத்தைந்தாம் வருஷம், மன்மத வருஷத்தில், உண்டானாள். ஆனி அமாவாசையன்று கிரகணம் வந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிரகணம் ஆகாது. கதவை அடைத்து உள்ளே படுத்துவிட வேண்டும். அரிவாள்மணையைத் தொடக்கூடாது, சொறியக்கூடாது, வெளிச்சம் மேலே படக்கூடாது. மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வடிவம்மாள் முதல் நாளே ஆயத்தமாகிவிட்டாள். கிழக்குப் பார்த்த சன்னலைச் சாத்தி இடுக்கெல்லாம் சாக்கைத் திணித்தாள். வள்ளித்தாயை உள்ளே விட்டு, "அசையாமக் கெட. நான் வந்து திறக்கதுக்குள்ள எந்திரிச்சேன்னா காலை முறிப்பேன்" என்று வெளியே தாழ்ப்பாள் போட்டாள். வாசலில் சொரிமுத்துவும் பக்கத்து வீட்டு ஆண்களும் சாணியைக் கரைத்த தண்ணீரில் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சன்னல் பலகையில் ஒரு கணு உதிர்ந்து விழுந்த ஓட்டை இருந்தது. சுண்டுவிரல் நுனி போகாத ஓட்டை. அதை வடிவம்மாள் கவனிக்கவில்லை. தினமும் அதன் வழியாக வெயில் எதிர்ச்சுவரில் ஒரு வட்டப் பொட்டாக விழும். அன்றைக்கும் விழுந்தது. பார்த்துக்கொண்டே கிடந்த வள்ளித்தாய்க்குப் பொட்டின் கீழ்ப்பக்கம் யாரோ கடித்த மாதிரி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கடி பெரிதாயிற்று. பிறகு மூன்றாம் பிறை. ஓட்டை உருண்டையாகத்தானே இருக்கிறது, பொட்டு ஏன் பிறையாச்சு? அப்படியானால் இத்தனை நாளும் சுவரில் விழுந்தது ஓட்டையின் உரு இல்லை, சூரியனின் உரு! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எழுந்தாள். உள்ளங்கையை நீட்டி அந்தப் பிறையை ஏந்தினாள். சூடுகூட இல்லை. கையை எடுத்தாள், பிறை அவள் வயிற்றில், சேலை மடிப்பில் விழுந்தது. "பாருட்டி, உனக்கும் காட்டியாச்சு" என்று வயிற்றோடு பேசினாள்.

அந்த நேரம் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வடிவம்மாள் கதவைத் திறந்தாள்.

அவள் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள் சாணித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடிவந்தார்கள். "பாவி! பாவி! வயித்துலயே வாங்கி வச்சிருக்காளே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வள்ளித்தாய் அன்றைக்குச் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஊர் மறக்கவில்லை.

ஐப்பசியில் பெண் பிறந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்து, உள்ளே அண்ணமும் பிளந்திருந்தது.

பேறு பார்த்தவள் பிள்ளையைத் துணியில் சுற்றி வடிவம்மாள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். சொரிமுத்து எட்டிப் பார்த்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொழுது சாயுமுன் 'கிரகணப் பிள்ளை' என்று பெயர் வைத்தாயிற்று. சந்தனமாரி என்று தாய் வைத்த பெயரைத் தாயைத் தவிர ஒருத்தரும் சொல்லவில்லை.

பெயர் கிடக்கட்டும், பிள்ளை பிழைக்க வேண்டுமே. அதற்குப் பால் குடிக்க வரவில்லை. மார்பில் வாயை வைத்துச் சப்பும், சப்பும், முகம் சிவக்கும், ஒரு சொட்டு இறங்காது. வள்ளித்தாய்க்கு மார் கட்டிக் காய்ச்சல் கண்டது. இங்கே பால் பொங்கி வழிகிறது, மடியில் பிள்ளை பட்டினியில் சுருங்குகிறது. "சாமி குடுத்ததைச் சாமி எடுத்துக்கிடும், விடு" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். ஆறுதலாம்! அவர்கள் வாயில் அள்ளிப் போட அடுப்புச் சாம்பல் போதாது.

பாலிருக்கிறது, வாயிருக்கிறது, பிறகு ஏன் ஏறவில்லை? அழுதுகொண்டேதான் யோசித்தாள். சின்ன வயதில் பப்பாளி இலையின் தண்டைக் குழலாக வைத்து இளநீர் உறிஞ்சியது ஞாபகம் வந்தது. கொல்லையில் போய் ஒரு தண்டை ஒடித்து வந்தாள். செம்புத் தண்ணீரில் விட்டு உறிஞ்சினாள், ஏறியது. தண்டின் மேல்பாகத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு உறிஞ்சினாள். காற்றுத்தான் வந்தது. தண்ணீர் இருந்த இடத்தில் இருந்தது. பிள்ளைக்கும் இதுதான் கதை. பிளவு வழியாகக் காற்று வருகிறபோது பால் எப்படி ஏறும்? பிள்ளை மேல் குற்றமில்லை, பால் மேல் குற்றமில்லை.

இழுக்க முடியாது என்றால் விழவைக்க வேண்டியதுதான். பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சினாள். எல்லா வீட்டிலும் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கை எடுத்தாள். ஊர் வழக்கப்படி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின்மேல் மல்லாக்கப் போட்டுச் சங்கைச் சரித்தாள். பால் அண்ணத்துப் பிளவில் ஏறி மூக்கு வழியாகப் பீறிட்டது. பிள்ளை மூச்சுக்குத் தவித்து நீலம் பாரித்துவிட்டது. தூக்கி நிமிர்த்தி முதுகைத் தட்டின பிறகுதான் உயிர் வந்தது. நிமிர்த்தினதும் சரியானதை வள்ளித்தாய் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும். படுக்கப்போட்டால் மூக்கும் பள்ளம், மூச்சுக்குழலும் பள்ளம். உட்காரவைத்தால் வயிறுதான் பள்ளம்.

அன்றிலிருந்து பிள்ளையை நெஞ்சோடு நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைத் தன் தோளில் தாங்கி, கன்னத்தோரமாக ஒரு சொட்டு விடுவாள். விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்ப்பாள். பிறகு அடுத்த சொட்டு. ஒரு சங்குப் பால் இறங்குவதற்குள் அடுப்பில் ஒரு உலை கொதித்து வற்றிவிடும். இடுப்பு கழன்றுவிடும். ஆனால் இறங்கியது. மார்கழியில் பிள்ளையின் தொடையில் ஒரு மடிப்பு விழுந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தென்காசியில் ஒரு பொம்பளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அந்தம்மா பிள்ளையை நிறுத்துப் பார்த்து, "நீ குடுக்கிற முறைதான் சரி, விட்டுராதே. உடம்பு தேறி வரட்டும். பெரிய ஆஸ்பத்திரியில முதல்ல உதட்டைத் தைப்பாங்க, பிறகு அண்ணத்தை. நல்லாப் பேசும், நல்லாச் சாப்பிடும்" என்றாள். வள்ளித்தாய் கேட்காமல் இருப்பாளா? "கிரகண வெளிச்சம் வயித்துல பட்டுது டாக்டரம்மா. அதனாலயா?" டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உதடு ரெண்டாம் மாசத்துலயே ஒட்டியிருக்கணும். உனக்குக் கிரகணம் வந்தது அஞ்சாம் மாசம். அதுக்கு முன்னாலயே இது இப்படித்தான் இருந்திருக்கு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைப் புதையலைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யார் வாங்கிக்கொள்கிறார்கள்? சொரிமுத்து, "டாக்டர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான், அக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டே. வடிவம்மாள், "டாக்டரு உன் வயித்துக்குள்ள போய்ப் பாத்தாளாக்கும்?" என்றாள்.

தை பிறந்தது. வடிவம்மாள் யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்தாள். தை அமாவாசையன்று தாய்க்காரி குற்றால அருவியில் தலை நனைத்து, குற்றாலநாதரைக் கும்பிட்டு வந்தால் தோஷம் கழியும். அன்றைக்கு விடிந்ததிலிருந்து திரும்பி வருகிறவரை பிள்ளையைத் தொடக்கூடாது. பிள்ளையையும் அங்கே கொண்டுபோகக்கூடாது.

"அருவித் தண்ணி உதட்டை ஒட்டவச்சிருமா மதினி?"

"கேளு. இன்னும் கேளு. கேட்டு கேட்டுத்தான் ஒரு பிள்ளையை இந்தக் கோலத்துல பெத்து வச்சிருக்கே. தைக்கப் போற இடத்துல கத்தி தவறிப் பிள்ளை போச்சுன்னா, அன்னைக்கு யாரைக் கேப்பே?" சொல்லிவிட்டு வடிவம்மாள் அழுதாள். அந்தப் பிள்ளைக்காக அவள் செவ்வாயும் வெள்ளியும் பட்டினி கிடந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அதுவும் பொய்யில்லை.

வள்ளித்தாய் மறுத்திருக்கலாம். பப்பாளித் தண்டும் கணு ஓட்டையும் டாக்டர் சொல்லும் அவள் பக்கம்தான் இருந்தன. கிரகணத்துக்கு அப்புறமும் எத்தனையோ நாள் அந்த ஓட்டையில் வெயில் வட்டமாக விழுவதைப் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் பாழாய்ப்போன மனசு இருக்கிறதே, ஊரையெல்லாம் கேள்வி கேட்ட மனசு, அது தன்னையும் கேட்டது. ஒருவேளை நான் நினைக்கிறது தப்பாக இருந்தால்? நான் கண்டது கொஞ்சம், காணாதது எம்புட்டோ? ஒரு முழுக்குத்தானே, போய்விட்டு வந்தால் என்ன? ஒன்றுமே கேட்காதவளாக இருந்திருந்தால் வீம்புக்காவது வீட்டில் இருந்திருப்பாள்.

அமாவாசைக்கு முந்தின சாயங்காலத்திலிருந்து பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் மூடிவைத்தாள். சொரிமுத்துவை உட்காரவைத்துச் செய்து காட்டினாள். "அத்தான், நிமித்தி வைக்கணும். தலை மேல, வயிறு கீழ. ஒரு சொட்டு விட்டா முழுங்குததைப் பாத்துட்டுத்தான் மறு சொட்டு. அழும்போது விடப்பிடாது. எத்தனை நேரம் ஆனாலும் சரி."

"எனக்குத் தெரியாதாக்கும். தினமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றான் சொரிமுத்து.

மேலகரத்திலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். நடந்தே போனார்கள். தையில் அருவி மெலிந்துவிடும். பாறையை ஒட்டி நாலைந்து நூலாக விழுந்துகொண்டிருந்தது. தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் எள்ளும் தண்ணீருமாக நெருக்கியது. வடிவம்மாள் அவள் பிடரியைப் பிடித்து அருவிக்குள் தள்ளினாள். மலைத்தண்ணீர் தலையில் தடியடியாக விழுந்தது. நூல் போல் விழுகிற தண்ணீர் ஏன் இப்படி வலிக்கிறது என்று வேறொரு நாளாக இருந்தால் கேட்டிருப்பாள். அன்றைக்கு, "பிள்ளையைக் காப்பாத்து, பிள்ளையைக் காப்பாத்து" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை இல்லை. ஈரத்தோடு நடுங்கியவளை வடிவம்மாள் தன் முந்தானையால் துவட்டினாள். "எல்லாம் சரியாப் போயிரும்ட்டி. இனி உன்னை வையமாட்டேன்" என்றாள். கட்டிவந்த நாள் முதல் அந்த மாதிரிப் பேச்சை வள்ளித்தாய் கேட்டதில்லை.

உச்சிக்கு முன்னே திரும்பிவிட்டார்கள். சொரிமுத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி வள்ளி, முழுச் சங்கும் குடிச்சிட்டா! ஒரு சங்கில்ல, கிண்ணத்தையே காலி பண்ணிட்டா! அக்கா, தோஷம் கழிஞ்சிட்டு, நீங்க அங்கன முழுகின நேரம் இங்கன பிள்ளை குடிக்கா!"

வடிவம்மாள் குற்றாலம் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். வள்ளித்தாய் மட்டும் கும்பிடவில்லை. "எப்பிடி வச்சுக் குடுத்தீய அத்தான்?"

"முதல்ல நீ சொன்னாப்பலதான் நிமித்தி வச்சேன். என் கையில கழுத்து நிக்கல, தொவளுது. பிள்ளை பசியில வீறிட்டு அழுது. எனக்குப் பயமாப் போச்சு. பொறவு எல்லாரும் குடுக்காப்பல காலை நீட்டிப் போட்டு, அக்கா எனக்குக் குடுத்த மாதிரியே சங்கைச் சரிச்சேன். கடகடன்னு இறங்கிட்டு! கொஞ்சம் இருமினா, அம்புட்டுத்தான். தூங்குதா பாரு."

தொட்டிலில் பிள்ளை கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம் கேட்டது. சாயங்காலம் உடம்பு கொதித்தது. வள்ளித்தாய் தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சொரிமுத்து வெளியே வண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டரம்மா குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு அவளிடம் மெதுவாகச் சொன்னாள். "பால் நுரையீரல்ல இறங்கியிருக்கும்மா." ஊசி போட்டாள். இரண்டு நாள் போட்டாள். அதற்கு மேல் போட உயிர் இல்லை.

பிள்ளையைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, "டாக்டரு என்ன சொன்னா?" என்று சொரிமுத்து கேட்டான். வண்டிச் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். "சளியாம்" என்றாள் வள்ளித்தாய்.

அடுத்த வருஷமே ஆண் பிள்ளை பிறந்தது. தளவாய் என்று பெயர் வைத்தார்கள். உதடு மூக்கு எல்லாம் லட்சணமாக இருந்தது. "பாத்தியா, அருவியில முழுகினது வீண் போச்சா?" என்று வடிவம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். வள்ளித்தாய் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள் என்று எல்லாருக்கும் சந்தோஷம். நல்ல வழிக்கு வந்துவிட்டாளாம்.

சொரிமுத்துதான் வேறு ஆளாகிப் போனான். தளவாய் தவழ்ந்து, எழுந்து நடக்கிறவரை அவன் கையில் வாங்கவேயில்லை. பிள்ளைக்குப் புரைக்கேறினால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவான். கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். ஏன் என்று வடிவம்மாளுக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி அவன் தட்டை மூடிவைப்பாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் தையில் எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. தென்காசிக் கோயிலில் ஹோமம், சந்திக்குச் சந்தி பஜனை, சிலர் இருக்கிற ஆட்டை எல்லாம் வெட்டித் தின்று தீர்த்தார்கள். வடிவம்மாள் தளவாயைக் கூட்டிக்கொண்டு பஜனைக்குப் போய்விட்டாள். பொழுது சாய்கிற நேரம், சொரிமுத்து தொழுவில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். வள்ளித்தாய் புண்ணாக்குத் தண்ணீர் கொண்டுபோனாள்.

"வள்ளி, நாளைக்கு என்னமும் ஆயிருமா?"

"ஒண்ணும் ஆகாது அத்தான். அதது அங்கங்க தூரதூரமாக் கெடக்கு. நம்ம கண்ணுக்குத்தான் ஒரே இடமாத் தெரியுது."

அவன் வைக்கோல் பிரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பாராமல் கேட்டான். "நீதான் எல்லாத்துக்கும் காரணம் கண்டுபிடிப்பியே. ஒருவேளை நாளைக்கு அழிஞ்சிட்டா கேக்க முடியாது. அதான் கேக்கேன். பிள்ளை நான் படுக்கப்போட்டுக் குடுத்ததால போச்சா?"

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் காரணம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அவளுக்குப் பதில் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெளிவாகத் தெரியும். அவன் கழுத்து நரம்பு புடைத்து நிற்பதைப் பார்த்தாள். இந்த மனுசன் இனியும் உயிரோடு இருக்க வேண்டும், அந்தப் பையனைத் தூக்கித் தோளில் வைக்க வேண்டும்.

"இல்ல அத்தான். நீங்க குடுத்தது சரிதான். தோஷம்தான். மதினி சொன்னதுதான் நிசம்."

சொரிமுத்துவின் கையிலிருந்து வைக்கோல் விழுந்தது. மாட்டின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். எத்தனையோ வருஷத்து அழுகை. அழுது தீர்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தான். கல்யாணத்தன்று இருந்த முகம் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. அவள் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், பரிவோடுகூடச் சொன்னான்.

"கிரகணத்தன்னைக்கு மட்டும் நீ அக்கா சொன்னபடி சும்மா கெடந்திருந்தா, நம்ம பிள்ளை இருந்திருக்கும். என்ன வள்ளி?"

"ஆமா அத்தான்" என்றாள். "இருந்திருக்கும்."